பதினாலாம் நாள் பணம் வந்தால் அதுவே மகிழ்ச்சி!



பொங்கலுக்கு ஆலையிலிருந்து ஆளுக்கொரு தினசரி காலண்டர் கொடுத்தார்கள். நம்மில் பலர் வீட்டுச் சுவரில் இப்போதும் தொங்குகிறது. பச்சைக் கரும்புத் தோட்டம், வேட்டி கட்டிய ஒரு விவசாயி, பக்கத்தில் பட்டுப்புடவையில் அவர் சம்சாரம், இரண்டு பேர் முகத்திலும் பல் தெரியச் சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில் 'உங்கள் மகிழ்ச்சியே எங்கள் தொழில்' என்று போட்டிருக்கிறது. படத்தில் இருப்பவர் நம்ம பக்கத்து ஆள் இல்லை. அவருக்குக் கரும்புப் பணம் பாக்கி இல்லை போலிருக்கிறது!

தினமும் காலையில் தாளைக் கிழிக்கும்போது நாம் பார்ப்பது நல்ல நேரமோ ராகுகாலமோ இல்லை. கரும்பு ஏற்றி அனுப்பிய நாளிலிருந்து இது எத்தனையாவது நாள் என்று எண்ணுகிறோம். போன சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "நம்ம சந்தோஷந்தான் அவங்க தொழில்னு போட்டிருக்காங்களே, அவங்க தொழில்ல நம்ம சந்தோஷம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு யாராவது காட்டுங்க." எல்லோரும் சிரித்தோம். பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இந்தத் துண்டறிக்கையில் எழுதுகிறோம்.

சந்தோஷம் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். நமக்கு அது மிகச் சின்னது. கல்யாணப் பத்திரிகை ஒன்று வீட்டுக்கு வருகிறது. முன்பெல்லாம் பத்திரிகை வந்தால் வீடே கலகலப்பாகும். இப்போது வாங்கி வைத்ததும் புருஷனும் பொண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். மொய் எழுத வேண்டும். அவர்கள் நம் வீட்டு விசேஷத்துக்கு எழுதியதை நோட்டைப் புரட்டிப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சமாவது போட்டு எழுத வேண்டும். கையில் இல்லை. அதனால் 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். தங்கச்சி மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் செய்ய முடியாமல் வெளியூர் வேலை என்று பொய் சொல்லிவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவர் நம் சங்கத்திலேயே இருக்கிறார். அவர் பட்டது வறுமை இல்லை ஐயா. ஒன்றரை ஏக்கர் கரும்பை வெட்டி ஆலைக்குக் கொடுத்துவிட்டு, எடைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அங்கே உட்கார்ந்திருந்தார்.

சந்தோஷம் கெடுவது இப்படித்தான். பணமில்லாதவனுக்கு ஒரு துக்கம். பணம் வர வேண்டியிருந்தும் வராதவனுக்கு வேறு துக்கம். அவன் யாரிடமும் இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1966-ல் மத்திய அரசு போட்ட கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை தெளிவாகச் சொல்கிறது. கரும்பு ஆலைக்கு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால், தாமதமாகும் காலத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். அப்படியும் தராத ஆலையிடமிருந்து நிலவரி பாக்கியை வசூல் செய்வது போல அரசு வசூல் செய்து கொடுக்கலாம். நம்மில் யாராவது கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு ஒருநாள் தவறினால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நகையை ஏலம் விடப்போவதாக நோட்டீஸ் வருகிறது. ஆலைக்கு மட்டும் யாரும் தண்டோரா போட்டதை நாம் பார்த்ததில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 2024-25 பருவத்தில் மத்திய அரசு விலை 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு டன்னுக்கு 3,400 ரூபாய். நம்ம தமிழ்நாட்டு ஆலைகள் பெரும்பாலும் அந்தப் பிழிதிறனைத் தொடுவதில்லை. 9.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 3,151 ரூபாய். (அதோடு மாநில அரசின் சிறப்பு ஊக்கத்தொகை 349 ரூபாய் சேர்ந்து 3,500. 2021 தேர்தலில் சொன்னது 4,000. அதைப் பற்றித் தனி நோட்டீஸ் போடுவோம்.) பிழிதிறனை அளப்பதும் ஆலை, எழுதுவதும் ஆலை. அதுவும் இருக்கட்டும்.

ஒன்றரை ஏக்கரில் 60 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலை தர வேண்டியது 1,89,060 ரூபாய். ஆறு மாதம் தாமதமானால் 15 சதவீதப்படி வட்டி 14,179 ரூபாய். இது நமக்குச் சட்டப்படி சேர வேண்டியது. ஒரு பைசா வந்ததா? இந்தப் பக்கம் பாருங்கள். அந்த ஆறு மாதம் நாம் சும்மா இருக்கவில்லை. வெட்டுக்கூலி, உரக்கடை பாக்கி, பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ், மறுதாம்புக்குத் தண்ணீர் கட்டிக் களை எடுக்க ஆள்கூலி என்று மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்குகிறோம். மாதம் 3,000. ஆறு மாதத்துக்கு 18,000. ஆக, நாம் வட்டிக்கு வாங்கித்தான் ஆலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்! பல கோடி முதலீடு போட்ட கம்பெனிக்கு யார் பாங்க்? காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்த நம்ம வீட்டுப் பெண்கள்தான் பாங்க்.

ஆலைத் தரப்பில் ஒரு நியாயம் சொல்கிறார்கள். அதையும் சொல்லிவிடுவோம், மறைக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்குக் குறைந்தபட்ச விற்பனை விலையை மத்திய அரசு 2019 பிப்ரவரியில் கிலோ 31 ரூபாய் என்று வைத்தது, பிறகு ஆண்டுக்கணக்கில் அதைத் தொடவே இல்லை, ஆனால் கரும்பு விலையை மட்டும் வருஷா வருஷம் ஏற்றினார்கள் என்கிறார்கள். உண்மைதான். அதற்கு டெல்லியில் போய்ச் சண்டை போடுங்கள், நாங்களும் கூட வருகிறோம். ஆனால் ஆலை விற்பது சர்க்கரை மட்டுமா? சக்கையை எரித்து மின்சாரம். மொலாசஸிலிருந்து எரிசாராயம், எத்தனால். எல்லாம் நம்ம கரும்பிலிருந்து வருவதுதான். சரி, வருமானம் குறைவு என்றே வையுங்கள். அப்படியானால் எல்லோருக்கும்தானே தாமதமாக வேண்டும்? டீசல் போடுகிறவன் கடன் சொன்னால் போடுவானா? பாங்க் தவணை தவறினால் விடுவானா? அவர்களுக்கெல்லாம் நாள் தவறாமல் போகிறது. மிச்சமிருந்தால் விவசாயிக்கு. நாம் கடைசி வரிசை. ஏனென்றால் நாம் காத்திருப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். நம்ம பொறுமைதான் அவர்கள் முதலீடு.

காத்திருக்காமல் வேறு எங்கே போவது? ஒரு ஆலைக்கும் இன்னொரு ஆலைக்கும் 15 கிலோமீட்டராவது இடைவெளி வேண்டும் என்று 2006-ல் விதி போட்டார்கள். பதிவு எல்லை என்று ஒன்று இருக்கிறது. பதிந்த கரும்பைப் பதிந்த ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும். ஊருக்கு ஒரே கடை என்றால் கடைக்காரன் எப்படிப் பேசுவான் என்று நமக்குத் தெரியாதா? வெட்டு உத்தரவுக்காக நாம் கோட்ட அலுவலக வாசலில் நிற்கும்போது பேசுகிற பேச்சு அதுதான். பன்னிரண்டு மாதத்தில் வெட்ட வேண்டிய கரும்பு பதினாலு மாதம் நிற்கிறது. பூ எடுத்து, உள்ளே சண்டாகி, எடை குறைகிறது. எலி ஒரு பங்கு தின்கிறது. அதற்கும் நஷ்ட ஈடு கிடையாது.

வியாபாரம் என்றாலே இப்படித்தான் என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அதன் பிறகு பல ஊர்களில் வந்தது. கத்தரிக்காய் கொண்டு போகிற அம்மா காலையில் கூடையை இறக்கி, மின்தராசில் தன் கையால் நிறுத்துப் போட்டு, மத்தியானத்துக்குள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறுகிறார். அன்றைக்கு விலை குறைவாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அவர் முகத்தையும், ஆலை வாசலில் நிற்கும் நம் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பால் சங்கத்திலும் அப்படித்தான். பட்டுவாடா நாள் சில நேரம் தள்ளிப் போகும், சண்டையும் வரும், ஆனாலும் அந்தப் பணத்தை நம்பிப் பெண்கள் சீட்டுக் கட்டுகிறார்கள். கரும்புப் பணத்தை நம்பி யாராவது சீட்டுக் கட்டுவார்களா? நாளும் எடையும் சரியாக இருந்தால், லாபம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் மனுஷன் நிம்மதியாகத் தூங்குவான்.

உலக மகிழ்ச்சி அறிக்கை என்று வருஷா வருஷம் ஒன்று வெளியாகிறது. 2025 மார்ச்சில் வந்ததில் 147 நாடுகளில் இந்தியா 118-வது இடம். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அதில் பர்ஸ் பற்றி ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார்கள். தொலைந்த பர்ஸ் நமக்குத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எந்த ஊர் ஜனங்களுக்கு இருக்கிறதோ, அந்த ஊர் ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்களாம். பக்கத்திலிருப்பவனை நம்ப முடிகிறதா என்பதுதான் விஷயம். நம்ம பர்ஸ் தொலையவில்லை. யார் கையில் இருக்கிறது என்று தெரியும். எடைச் சீட்டில் அவர்கள் கையெழுத்தே இருக்கிறது. இருந்தும் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லையே!

நம்பிக்கை எப்படி வரும்? 2013-14 முதல் 2016-17 வரை நான்கு பருவத்துக்கு மாநில அரசு அறிவித்த பரிந்துரை விலையைத் தனியார் ஆலைகள் முழுதாகத் தரவில்லை. போராடினோம், பேச்சுவார்த்தை நடந்தது, கடைசியில் 2018-ல் சட்டம் போட்டு வருவாய்ப் பங்கீடு என்று முறையையே மாற்றினார்கள். பாக்கி வைத்தவனைக் கேட்பதற்குப் பதிலாக விலையையே எடுத்துவிட்டார்கள். தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில் விவசாயிகள் பெயரில் வங்கியில் கடன் வாங்கப்பட்டு, கண்ணால் பார்க்காத கடனுக்கு விவசாயிக்கு நோட்டீஸ் போனது. 2022 நவம்பரில் அங்கே பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் மழை வெயில் பார்க்காமல் நாள் கணக்கில் இல்லை, வருஷக் கணக்கில் உட்கார்ந்தார்கள்.

நம்ம ஆலைக்காரர்களுக்கு தர்ம சிந்தனை இல்லை என்று சொல்ல மாட்டோம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவு செய்ய வேண்டும். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம் நடத்தி இலவசக் கண்ணாடி கொடுத்தார்கள். நம்ம ஊர்ப் பெரியவர் ஒருவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். பாஸ்புக்கை விரித்துப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாத் தெளிவாத் தெரியுதுப்பா, பணம் வரலைன்னு" என்றார்!

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நிர்வாகக் குழுவில் நெடுநேரம் பேசினோம். எழுதுவது என்று முடிவானது. ஆலை நமக்குச் செய்வதை நாம் யாருக்குச் செய்கிறோம்?

கரும்பு வெட்ட வருகிற ஜனங்கள் விடியக்காலம் பனியில் இறங்கி, சோகை கீறிக் கையெல்லாம் ரத்தமாக வெட்டுகிறார்கள். பிள்ளைகளை வரப்பில் படுக்க வைத்துவிட்டு வெட்டுகிறார்கள். டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பேசித்தான் கூட்டி வருகிறோம். வேலை முடிந்ததும் பாதியைக் கொடுத்துவிட்டு, "மேஸ்திரி, ஆலைப் பணம் வந்ததும் மீதி" என்கிறோம். நம்மில் எத்தனை பேர் இப்படிச் சொல்லாதவர்கள்? ஆலைப் பணம் வருவதற்குள் அவர்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மேஸ்திரி இரண்டு தடவை போன் செய்கிறார். மூன்றாவது தடவை நாம் எடுப்பதில்லை. ஆலை மேனேஜர் நம் போனை எடுக்காதது போல.

உரக்கடைக்காரர் தெருவில் வந்தால் நாம் சந்து வழியாகப் போகிறோம். டிராக்டர்காரத் தம்பி டயர் வாங்கக் காசில்லாமல் நிற்கிறான். காரணம் நாம். நமக்குக் காரணம் ஆலை. ஒரு பெரிய வியாபாரம் நாணயம் தவறினால் அது ஆலை வாசலோடு நிற்பதில்லை. எடைமேடையில் தொடங்கி ஊருக்குள் வந்து, ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேச முடியாமல் செய்துவிடுகிறது. ஊரில் சண்டை கூடியிருக்கிறது, குடி கூடியிருக்கிறது என்று பேசிக்கொள்கிறோமே, அதில் பாதி இந்தப் பாக்கியிலிருந்து பிறந்ததுதான் என்பது எங்கள் எண்ணம்.

ஆனாலும், ஆலை தராததால் நாங்களும் தரவில்லை என்று சங்கம் சொல்லாது. வரும் பருவத்திலிருந்து வெட்டுக்கூலியை ஆலைப் பணத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். சிலருக்கு இதில் வருத்தம். "நாமே முழுகிக்கிட்டு இருக்கோம், இதுல அவங்களுக்கு எங்க போறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினாலு நாள் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கலெக்டரிடம் போகிறவன் மேஸ்திரி போனை எடுக்காதவனாக இருக்க முடியாது.

கையெழுத்துப் போடாதீர்கள்!

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறோம். இரண்டு வாரமாக ஊர் ஊராக ஒரு பேப்பர் சுற்றுகிறது. சென்ற பருவப் பாக்கியில் ஒரு பகுதியை உடனே போட்டுவிடுகிறோம், இதில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் என்கிறார்கள். பொடி எழுத்தில் உள்ளே இருப்பது இதுதான்: ஆலையின் நிதி வசதிக்கு ஏற்ப மீதியைப் பெற்றுக்கொள்ளச் சம்மதம், தாமதத்துக்கு வட்டி கேட்க மாட்டேன். புதுப் பதிவு விண்ணப்பத்தின் பின்பக்கமும் இதே வாசகம் இருக்கிறது.

இது ஏன் என்று புரிந்துகொள்ளுங்கள். 1966 ஆணையில் பதினாலு நாள் கெடு சொல்லும் இடத்திலேயே, இரு தரப்பும் எழுத்தில் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் தவிர என்று ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலைத் திறக்கிற சாவி உங்கள் கையெழுத்து. போட்டுக் கொடுத்துவிட்டால், நாளை கோர்ட்டில் 'விவசாயியே சம்மதித்துவிட்டார்' என்பார்கள். 14,179 ரூபாய் என்று மேலே கணக்குப் போட்டோமே, அது ஒரே கையெழுத்தில் போய்விடும்.

பேப்பரைக் கொண்டு வருகிற ஃபீல்டுமேன் நம்ம ஊர்ப் பையன்தான். அவனைத் திட்டாதீர்கள். "மாமா, கையெழுத்து வாங்கிட்டு வந்தாத்தான் என் சம்பளமே போடுவேன்னு சொல்றாங்க" என்று அவனே அழாத குறையாகச் சொன்னான். அவனுக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அவனைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுங்கள். பேப்பரை மட்டும் சங்கத்தில் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். வீட்டில் என்ன நெருக்கடி என்று எங்களுக்குத் தெரியும். படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார்கள் என்றும், அந்த ஒப்பந்தத்தில் எனக்குச் சம்மதம் இல்லை என்றும் ஆலைக்கும் சர்க்கரைத் துறை ஆணையருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். மாதிரிக் கடிதம் சங்கத்தில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். தபால் செலவு சங்கம் பார்த்துக்கொள்ளும்.

நாம் கேட்பது: சென்ற பருவப் பாக்கி முழுவதும், 15 சதவீத வட்டியோடு. தராவிட்டால் ஆலையின் சர்க்கரை இருப்பை ஜப்தி செய்து வருவாய் வசூல் நடவடிக்கை எடுக்க வேண்டும். பதிவு விண்ணப்பத்திலிருந்து அந்த வாசகத்தை எடுக்க வேண்டும். வெட்டு உத்தரவைப் பதிவு வரிசைப்படி கோட்ட அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். எடைமேடையைத் தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் விவசாயிகள் முன்னிலையில் சோதிக்க வேண்டும். ஊழியர்களின் சம்பளப் பாக்கியையும் சேர்த்தே கேட்கிறோம்.

வரும் வெள்ளிக்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். காலை 8 மணிக்கு வேன்கள் சங்கக் கொடிக்கம்பத்திலிருந்து புறப்படும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆண், ஒரு பெண் வர வேண்டும். நகை அடகு வைத்தவர்கள் அடகுச் சீட்டின் ஜெராக்ஸ், எல்லோரும் எடைச் சீட்டும் பாஸ்புக் நகலும், கையெழுத்துப் போடாத அந்தப் பேப்பரும் கொண்டு வாருங்கள். சுவரில் தொங்குகிற காலண்டரையும் ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வாருங்கள். சிரிப்பு நம்முடையதா என்று ஆட்சியரே பார்த்துச் சொல்லட்டும். மதியச் சாப்பாடு சங்கப் பொறுப்பு. தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டு வரவும்.

இவண்,
சங்கச் செயலாளர்